ஓதிப் பார்த்த பிறகு எங்கே அழைத்துப் போவது?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 உலக மனநல நாள். 2025ஆம் ஆண்டுக்கு உலக மனநலக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்த கருப்பொருள், பேரழிவுகளின்போதும் அவசரநிலைகளின்போதும் மக்களுக்கு மனநலச் சேவை கிடைப்பது பற்றியது. நகரங்களில் இதற்குக் கருத்தரங்கு நடத்துவார்கள். செஞ்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்தத் தலைப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு மழையை நினைத்தாலே போதும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. நம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலை சரிந்து பாறையும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். தென்பெண்ணை கரை புரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது.

பிறகு கணக்கெடுப்பு நடந்தது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் வந்தது. இடிந்த குடிசை, மூழ்கிய பயிர், செத்த ஆடு மாடு எல்லாம் பட்டியலில் ஏறின. ஜமாஅத்துகளும் தம்மால் இயன்றதைச் செய்தன. சோற்றுப் பொட்டலம், பாய், போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். எல்லாம் நல்ல அமல்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆனால் எந்தப் பட்டியலிலும் மனம் என்று ஒரு வரி இல்லை. அரசின் பட்டியலிலும் இல்லை, நம் பட்டியலிலும் இல்லை.

அந்த வரி இல்லாததன் விலையை நான் ஒரு சகோதரியிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

"தண்ணி குடிக்கச் சொல்றீங்க ஹஜ்ரத்"

அவர் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தாழ்வான பகுதியில் வீடு. கணவர் வெளிநாட்டில். அந்த இரவில் தண்ணீர் உள்ளே வந்தபோது இரண்டு பிள்ளைகளையும் பரண் மேல் ஏற்றிவிட்டு, மாமியாரைக் கட்டில் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் விடியும்வரை நின்றிருக்கிறார். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஊரே 'அல்ஹம்துலில்லாஹ்' என்றது. அவரும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து மாமியார் என்னிடம் அழைத்து வந்தார். "ராத்திரி தூங்க மாட்டேங்குது. வானம் கறுத்தாப் போதும், புள்ளைங்கள இழுத்துக்கிட்டுப் பள்ளிவாசல் படியில வந்து உக்காந்துக்குது. அடுப்புல இருக்கிறதைக்கூட அப்படியே போட்டுட்டு வருது. ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கு. ஓதிப் பாருங்க ஹஜ்ரத்."

ஓதினேன். தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். பொறுமையாக இருங்கள், தொழுகையை விடாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அடுத்த வாரமும் வந்தார்கள். அதையே செய்தேன். மூன்றாம் முறை நான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியபோது அந்தச் சகோதரி அதை வாங்கவில்லை.

"தண்ணி குடிக்கச் சொல்றீங்க ஹஜ்ரத். எனக்குத் தண்ணியப் பாத்தாலே அந்த ராத்திரி வந்துடுது."

மூன்று வாரங்களாக நான் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை.

இது ஈமானின் பலவீனமல்ல

உயிருக்கு ஆபத்தான நிகழ்வை அனுபவித்தவர்களுக்கோ நேரில் பார்த்தவர்களுக்கோ ஏற்படும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை பெரிய விவாதமான பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. பெயர் புதிது; துன்பம் பழையது. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதற்கு 'மனவடு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். காயம் ஆறினாலும் வடு நிற்கும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இதன் அடையாளங்கள் நான்கு வகை. நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வந்து, இப்போதே நடப்பதுபோல் ஆட்டிவைப்பது முதலாவது. அதை நினைவூட்டும் இடம், பொருள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. 'தப்பு என்னுடையதுதான்', 'இனி எதுவும் சரியாகாது' என்ற எண்ணமும் யாரோடும் ஒட்டாத மனமும் மூன்றாவது. சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தூக்கமின்மை, எரிச்சல், எந்நேரமும் காவல் நிற்பதுபோன்ற பதற்றம் நான்காவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால் உதவி தேட வேண்டும்.

பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கும் எல்லோருக்கும் இந்த நோய் வருவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில், குடும்பத்தின் அரவணைப்பிலேயே மீண்டுவிடுகிறார்கள். மனித குலத்தில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தகைய நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்றும், பி.டி.எஸ்.டி.க்கு ஆளாவோர் 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆகவே அழும் எல்லோரையும் நோயாளி என்று முத்திரை குத்தத் தேவையில்லை. மீளாதவரை 'இன்னும் என்ன அழுகை' என்று அதட்டவும் கூடாது.

'ஸப்ர் செய்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அழகிய பொறுமைக்குக் குர்ஆன் காட்டும் முன்மாதிரி நபி யாகூப் (அலை) அவர்கள். அந்த நபிதான் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப் போகுமளவு அழுதார்கள் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. அழுகை பொறுமைக்கு எதிரானதாக இருந்தால் ஒரு நபியின் கண்ணீரை அல்லாஹ் நமக்கு ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும்?

அன்னை கதீஜா (ரலி) காட்டிய வரிசை

ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபின் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீடு வந்த நிகழ்வை நாம் மிம்பர்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். வஹீ என்பது நோயல்ல. அதை இங்கே ஒப்பிடவும் நான் துணிய மாட்டேன். நான் சொல்ல வருவது, நடுக்கத்தோடு வீடு வந்த ஒருவரிடம் அன்னை கதீஜா (ரலி) நடந்துகொண்ட முறையைப் பற்றி மட்டும்.

அவர்கள் முதலில் கேள்வி கேட்டு நச்சரிக்கவில்லை. போர்த்தச் சொன்னபோது போர்த்தினார்கள். நடுக்கம் தீரும்வரை காத்திருந்தார்கள். பிறகு நபியவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். அதன்பின் அவர்களுடைய நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று தைரியம் ஊட்டினார்கள். அத்தோடும் நிற்கவில்லை. இந்த விஷயத்தில் தன்னைவிட அறிந்தவர் யார் என்று யோசித்து, வரகா பின் நௌஃபல் அவர்களிடம் தாமே கூட்டிச் சென்றார்கள்.

போர்த்துவது, கேட்பது, தைரியம் சொல்வது, அறிந்தவரிடம் கூட்டிச் செல்வது. நம்மில் பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம். நான் செய்ததும் அதுதான்.

ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. அதை யாரும் விடத் தேவையில்லை. அதே மார்க்கம்தான் நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தையும் போதிக்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. இந்த இரண்டாவது நபிமொழி போலி மருத்துவரைப் பற்றியது என்று மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாட்டிலில் ஊதிக் கொடுத்து, மருத்துவரிடம் போகாமல் நிறுத்தி வைக்கும் நமக்கும் அது பொருந்தும்.

முன்னோர்கள் இதில் குழப்பிக்கொள்ளவில்லை. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் தனித்தனிப் பகுதிகளாக எழுதினார். அச்சத்துக்கும் துயரத்துக்கும் தனி அத்தியாயங்களே வைத்தார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தது. வக்ஃப் வருமானத்தில் அது நடந்தது.

முதல் வாசலே கடைசி வாசலானால்

இந்தப் பாடத்தை மறந்ததற்கு நம் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் வெந்தும், பிறகு சிகிச்சை பலனின்றியும் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு அழைத்து வந்தால் குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவில் தெளிவாகத் தடுக்கிறது.

இது தர்காவின் பிரச்சினை, ஒரு சமுதாயத்தின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட ஆட்கொணர்வு மனுவிலிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. துன்புறுத்தல், பாலியல் வன்முறை என்று கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பெயரில் மதம் மாறலாம். தகுதியான இடம் எது என்று தெரியாத குடும்பம், கிடைத்த இடத்தில் தன் மனிதரைக் கொண்டுபோய் விடுகிறது என்பது மாறவில்லை.

ஏர்வாடியிலிருந்தே நல்ல பாடமும் கிடைக்கிறது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டம் உனாவாவில் மீரா தாதார் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரை உட்கார வைத்து, துஆவும் தவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தர்காவின் காதிம்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பப் பயிற்சி பெற்றார்கள். அதே 'தவா துஆ' முறை பிறகு ஏர்வாடிக்கும் வந்தது. சங்கிலி போட்ட ஊரிலேயே இது முடிந்ததென்றால் நம் ஊரில் முடியாதா?

அறிந்தவர் யார்? எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தச் சகோதரிக்காகத் தேடத் தொடங்கியபோதுதான் இது எவ்வளவு சிரமம் என்று புரிந்தது. முதலில் அருகிலுள்ள நகரம் ஒன்றில் 'கவுன்சலிங்' என்று பலகை போட்டிருந்தவரிடம் போனார்கள். முதல் அமர்விலேயே நடந்தது முழுவதையும் ஒரு மூச்சில் சொல்ல வைத்துவிட்டு, 'மறந்துடுங்க, பாசிட்டிவா நினைங்க' என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு சகோதரிக்கு நிலைமை மோசமானது. பிறகுதான் அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன படிப்பு இருக்கிறது என்று நாங்கள் விசாரித்தோம். சில நாள் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதும் உரிமை உள்ளவர். மருத்துவக் கவுன்சிலில் அவருக்குப் பதிவெண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் மருந்து தர மாட்டார். பேச்சு வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். எம்.ஃபில். முதலிய தொழில்முறைப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருப்பார். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல உளவியலாளர் தயங்காமல் சொல்வார். ஆலோசகர் என்ற பெயரை நம் நாட்டில் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் மனவடு போன்ற சிக்கலுக்குப் பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

அடுத்து, மனவடுவுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா, எந்த முறையில் செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி.), கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பவை. பாதுகாப்பான சூழலில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, அந்த நினைவைச் சிறிது சிறிதாக அணுகப் பழக்குவது இவற்றின் அடிப்படை. நினைவு அழிவதில்லை, அது இன்று நடப்பதல்ல, அன்று நடந்து முடிந்தது என்று மனம் ஏற்கத் தொடங்குகிறது. இதற்குப் பல அமர்வுகள் ஆகும். ஒரே அமர்வில் குணமாக்குகிறேன் என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்பவரிடமிருந்தும்தான்.

மருந்து தேவைப்பட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன. தொடங்கியதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் பயத்தைப் போக்க பென்சோடையாசெபின் வகைத் தூக்க மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை பழக்கமாகி நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ரமலானில் வேளை மாற்ற வேண்டுமானால் ஷஅபானிலேயே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். நோன்பு வைத்தால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் சலுகை எடுப்பதும் மார்க்கம் தந்த வழியே.

நம் பெண்களுக்கு வேறொரு தயக்கம் உண்டு. தனி அறையில் அந்நிய ஆணிடம் எப்படிப் பேசுவது? இந்தத் தயக்கம் நியாயமானது. பெண் உளவியலாளரைக் கேட்டுப் பெறலாம். கிடைக்காவிட்டால் நெருங்கிய உறவினர் பார்வையில் இருக்கும்படி, பேச்சு காதில் விழாத தூரத்தில் அமரலாம். பேசியது வெளியே போகுமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சையாளர் முஸ்லிமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. நம் நம்பிக்கையைக் கேலி செய்யாதவராகவும், அதை மாற்ற முயலாதவராகவும் இருந்தால் போதும்.

செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம்?

முதல் படி வீட்டிலிருந்தே எடுக்கலாம். 14416 என்ற எண் 24 மணி நேரமும் இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறார்கள். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் உளவியலாளரிடமோ மருத்துவரிடமோ இணைப்பார், எங்கே போகலாம் என்றும் சொல்வார். தற்கொலை எண்ணம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இந்த எண்ணை அழைக்க வேண்டும். சென்னை ஸ்நேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணும் அதற்காகவே இருக்கிறது.

அடுத்தது அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிஞ்சும். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவுக்கும் நம் பகுதியினர் போகிறார்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழைய நிறுவனம். கடுமையான நிலைகளுக்கு அது உண்டு.

வழி இருக்கிறது, ஆனால் அகலம் போதவில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சுமார் 15 கோடி இந்தியர்களுக்கு மனநலச் சிகிச்சை தேவை என்றது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்ற கணக்குதான். அவர்களும் பெரும்பாலும் நகரங்களில். கூட்டம் நிறைந்த வெளிநோயாளிப் பிரிவில் மாத்திரை கிடைத்துவிடும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் உளவியலாளர் கிடைப்பது அரிது. மனவடுவுக்குத் தேவைப்படுவதோ அந்த முக்கால் மணி நேரம்தான். கூலிக்குப் போகும் ஒருவர் வாரந்தோறும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பேருந்துக் கட்டணமும் கொடுத்துப் புதுச்சேரிக்குப் போய்வர முடியுமா?

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சேவை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் குரல் ஊரிலிருந்துதான் எழ வேண்டும். வட்டார மருத்துவமனைக்கு மருத்துவ உளவியலாளர் ஒருவர் வாரம் இருமுறையாவது வர வேண்டும் என்று நம் ஜமாஅத்துகள் என்றைக்காவது மனு கொடுத்திருக்கின்றனவா? சாலைக்குக் கொடுத்திருக்கிறோம், கபரஸ்தான் சுற்றுச்சுவருக்குக் கொடுத்திருக்கிறோம். அடுத்த பேரிடர் நிவாரணத்தில் மனநலக் குழுவும் சேர வேண்டும் என்பதையும் இந்த மனுவோடு கேட்கலாம்.

ஜமாஅத் செய்யக்கூடியது

2004 சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரத்தில் ஸ்நேகாவின் தன்னார்வலர்கள் உறவுகளை இழந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்களல்லர், காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடம் ஓராண்டுக்குப் பின் மனச்சோர்வு குறைந்திருந்ததை மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ஆய்வாக வெளியிட்டார். கேட்பது சிகிச்சைக்கு மாற்றல்ல. ஆனால் சிகிச்சை கிடைக்கும்வரை ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

ஆலிம்களாகிய நமக்கு இது புதிய வேலையல்ல. மக்கள் ஏற்கெனவே நம்மிடம்தான் வருகிறார்கள். மதரஸாக்களின் இறுதியாண்டில் ஒரு மனநல மருத்துவரை அழைத்து இரண்டு நாள் வகுப்பு வைத்தால், ஓத வருபவரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள். தூக்கம் எப்படி? என்ன நடந்தது, எப்போதிருந்து? எதைப் பார்த்தால் பயம் வருகிறது? வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா? இந்த நான்கும் எனக்குப் பாடமாக வந்திருந்தால் அந்தச் சகோதரி மூன்று வாரம் வீணாகக் காத்திருந்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு மஹல்லாவும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இதற்கென நியமிக்கலாம். தகுதி விசாரித்து அறிந்த சிகிச்சையாளர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கட்டும். பைத்துல்மாலில் டயாலிசிஸுக்கு உதவுகிறோம். மனநலச் சிகிச்சைக்குப் போய்வரும் பயணச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். ஏழையின் சிகிச்சை, உடலுக்கானாலும் மனத்துக்கானாலும், ஜகாத்தின் வரம்புக்குள்தான் வருகிறது. அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே 14416 என்ற எண்ணை எழுதி வைக்க ஒரு சாக்பீஸ் போதும்.

அந்தச் சகோதரியின் கதைக்கு வருகிறேன். 14416க்குப் பேசி, அவர்கள் சொன்ன வழியில் அரசு மனநல மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து பெண் உளவியலாளர் ஒருவரிடம் போனார்கள். சில மாதங்கள் ஆயின. மாமியார்தான் ஒவ்வொரு முறையும் கூடப் போனார். 'காத்து கருப்பு' என்று சொன்ன அதே மாமியார்.

முழுவதும் குணம் என்று சொல்ல மாட்டேன். மழை வந்தால் இப்போதும் ஜன்னலருகே போய் நிற்கிறாராம். ஆனால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. இரவில் தூங்குகிறார். அண்மையில் ஒரு நாள் என்னிடம் துஆ கேட்டு வந்தார். ஓதினேன். தண்ணீர் வேண்டுமா என்று இம்முறை கேட்டேன். "குடுங்க ஹஜ்ரத்" என்றார்.

ஐப்பசி மழை வாசலில் நிற்கிறது. நம் தெருவில் யாருடைய மனத்தில் இன்னும் அந்த மழைத் தண்ணீர் வடியவில்லை என்று ஒரு முறை விசாரித்துப் பார்ப்போம். துன்பப்பட்டவரைப் போர்த்தவும், அவர் சொல்வதைக் கேட்கவும், அறிந்தவரிடம் கூட்டிச் செல்லவும் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. உள்ளத்தால் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.